பழுதான டிக்கெட்டுகளின் பின்பக்கம்

சிம்ஸ் பூங்கா டிக்கெட் அறைக்கு
இரண்டு ஜன்னல்.
முன்னதில் கைகள் வரும்.
பின்னதில் சரிவு, மரப்பெரணிகள்,
கீழே குளத்தில் ஒரு துண்டு.
சில்லறை எண்ணாத நேரமெல்லாம்
நான் பின்னதில் இருக்கிறேன்.

ஆனிக் கடைசியில் வந்தது.
ருத்திராட்ச மரத்தின் மொட்டைக் கிளையில்
புறா அளவில் நனைந்த பழுப்பு.
மார்பில் யாரோ பேனாவை உதறிய கறை.
போஜராஜ் துடைப்பத்தில் சாய்ந்து, கழுகு, என்றார்.
அவருக்குக் காக்கைக்கு மேலே பறப்பதெல்லாம் கழுகு.
வைரி, என்றேன்.
யாருக்கு, என்றார்.

முதல் வாரம் பசித்துக் கத்தியது, அவ்வளவுதான்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பிஸ்கட் கேட்டு அழும் பிள்ளை மாதிரி
மூச்சு விடாமல்.
தாய் எதிர்மரத்தில் வந்தமரும்.
காலடியில் எதையோ வைத்துக்கொண்டு
கொடுக்காமல் பார்க்கும்.
ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு
அதுவும் வரவில்லை.

முதல் வேட்டை ஒரு பைன் காய்.
இறக்கையை ஒடுக்கி, சரிந்து, பிசகாமல் பிடித்து,
மிதித்து,
தலை சாய்த்துப் பார்த்தது
செத்துவிட்டதா என்று.
அடுத்தது எந்தக் குழந்தையோ தொலைத்த ஒற்றைக் கையுறை.

கிழிந்தது, தேதி மாறி விழுந்தது,
எல்லாவற்றையும் கம்பியில் குத்திவைக்க வேண்டும்,
தணிக்கைக்கு.
அவற்றின் பின்னால் எழுதினேன்:

9.40. வெள்ளைக்கண்ணிக் கூட்டம். தவறியது.
11.15. அணில். நின்று திட்டியது அணில்.
2.05. மறுபடி அதே அணில்.
4.30. சாரல். உட்கார்ந்திருந்தது. நானும்.

சின்னான்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று.
நாலைந்து சேர்ந்து துரத்த
என் தகரக் கூரையில் வந்து ஒளிந்தது.
உச்சந்தலைக்கு நேர் மேலே நகம் கீறும் சத்தம்.
பெரியவங்க மூணு, சின்னது ஒண்ணு, என்றது ஒரு கை.
சின்னது மூன்று கிழித்தேன்.
அதுவும் கம்பிக்குப் போனது.

பன்னிரண்டாம் நாள் ஓர் அரணை.
நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.
காலில் இருந்தது வால் மட்டும்.
வால் துள்ளுகிறது, இது இறுக்குகிறது,
மிச்ச அரணை புதருக்குள் போயாயிற்று.
அரைமணி நேரம் அந்த வாலோடு
பட்டம் சூட்டிய மாதிரி அமர்ந்திருந்தது.
கிடைத்தது என்று எழுதி, அடித்து,
பாதி என்று எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை தந்தி மாரியம்மனிடம்
அதற்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.
எதைச் சாகச் சொல்லிக் கேட்கிறேன் என்று
அப்போது தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வரிசை ரோடு வரை.
பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால்
புல்லில் கவிழ்ந்த குடையாய் வைரி,
அடியில் ஒரு மைனா.

பிடிக்க வந்துவிட்டது அதற்கு.
கொல்ல வரவில்லை.
எங்கே அழுத்தினால் முடியும் என்று தெரியாமல்
இறகு பிடுங்கியது.
பிடுங்கப் பிடுங்க மைனா கத்தியது.
மனிதக் குரல் என்பார்கள்,
இல்லை, மைனாவின் குரலில்தான்.

பெரியவங்க ரெண்டு, கேமரா ஒண்ணு.
பெரியவங்க ஆறு.

போஜராஜ் மண்வெட்டியோடு பாதி வழி இறங்கி
என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.
விரட்டவா.
பதினெட்டு நாள் எண்ணியவள் நான்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.
அவர் திரும்பினார்,
மண்வெட்டியைக் கழுவ ஒன்றுமில்லை,
ஆனாலும் குழாயடிக்குப் போய்க் கழுவினார்.

ரோல் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எழுபத்தொரு டிக்கெட் நீளம் கேட்டது அது.

தணிக்கைக்கு வந்த ஜெசிந்தா மேடம்
கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் புரட்டி,
இதென்ன கணக்கு, என்றார்.
கடைசித் தாளில்
சனி, 11.20, மைனா.
அதற்கப்புறம் எழுதவில்லை.

இப்போது சின்னான்கள் அதைத் துரத்துவதில்லை.
எந்த நிமிடத்திலாவது
சரிவு முழுக்கச் சத்தம் நின்றுபோகும்.
கை நீட்டியவர் சில்லறைக்குக் காத்திருப்பார்.
கிளையில் வந்து அமர்ந்திருக்கிறது.
திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.